எல்லாம் சந்தோசப் பாட்டுத்தான்

அவர் சோகப் பாட்டுக் கேட்க மாட்டார். மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த தமிழ்க் கடையில் ஒருநாள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றோம். கடைக்காரர் போட்டிருந்த பழைய பாட்டில் வயலின் அழத் தொடங்கியது. கையில் எடுத்த காயைத் திரும்பக் கூடைக்குள் வைத்துவிட்டு இவர் வெளியே போய்விட்டார்.

"உங்கடை ஸ்பானிஷ்காரருக்கு என்ன வருத்தம்?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். "போன கிழமையும் வெண்டிக்காயைத் தராசிலை வைச்சபடி ஆளைக் காணேல்லை."

நான் வெளியே போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பத்திரிகை போடும் இரும்புப் பெட்டியின் மேல் விரல்களால் தட்டிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"என்னது?"

"அந்த மனுசன்ரை அழுகை."

"இன்னும் ஒரு சரணம் கிடக்கு."

"அப்ப நீர் போய் வாங்கிக்கொண்டு வாரும். சதைப்பிடிப்பாய்ப் பாத்து எடும்."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தமிழ் ஆட்கள் அவரை ஸ்பானிஷ்காரர் என்றார்கள். ஸ்பானிஷ் ஆட்கள் அவரை மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். நான் அண்ணை என்றேன்.

அவரை முதலில் சந்தித்தது ஜான்-டலோன் சந்தையில். அந்த ஊருக்கு நான் புதிது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தின் கூரை குண்டில் போய்விட்டது. என் படிப்பும் அதோடு போனது. பிறகு பாங்கொக்கில் ஒளிந்திருந்தேன், ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தேன், ரொறொன்ரோவில் கோழி வெட்டினேன். ஓரிடத்தில் நெடுநாள் இருந்தால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும். மொன்றியலுக்கு வந்தபோது தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான். சந்தையில் ஒரு பழக்கடைக்குப் பெட்டி இறக்க ஆள் தேவை என்றார்கள். போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றார். கறுத்த, கட்டையான ஆள். தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் ஸ்பானிஷில் பொழியத் தொடங்கினார். நான் அவரை லத்தீன்காரர் என்று நினைத்தேன். அவர் என்னை லத்தீன்காரன் என்று நினைத்தார். நான் தெரிந்த இரண்டு பிரெஞ்சுச் சொற்களையும் மாறி மாறிச் சொன்னேன். காலை முழுவதும் கையாலும் தலையாலும் கதைத்தபடி வேலை செய்தோம். மத்தியானம் அன்னாசிப் பெட்டி ஒன்று நழுவி என் கால்விரலில் விழுந்தது.

"ஐயோ அம்மா!"

அவர் தூக்கிய பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"அட அறுவானே, நீர் எங்கடை ஆளோ? விடியத் துவங்கி உமக்கு அப்பிளுக்கும் தோடம்பழத்துக்கும் ஸ்பானிஷிலை பேர் சொல்லித் தந்துகொண்டு நிக்கிறன்!"

"நான் உங்களை மெக்சிக்கோ ஆள் எண்டு நினைச்சன் அண்ணை."

"எல்லாரும் அப்பிடித்தான். பொலிசும் அப்பிடித்தான். விரல் கிடக்கோ, போட்டுதோ?"

அவர் மன்னார்க் கத்தோலிக்கர். ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லி ஏற்றிவிட்ட விமானம் எக்குவடோரில் இறங்கியது. ஏஜென்சிக்காரன் காணாமல் போனான். அந்த நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் சில வருடங்கள் மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலையில் வேலை செய்துவிட்டு, பிறகு பஸ்ஸிலும் படகிலும் காலாலும் வடக்கே வந்து சேர்ந்தார். அந்த வழியைப் பற்றி அவர் சொல்லும்போது எந்த ஊரில் நல்ல சாப்பாடு, எந்த ஊரில் நல்ல மேளம் என்பது மட்டும் வரும். சிறையில் இருந்த ஊர் ஒன்றைக்கூட, "அங்கை காவல்காரன் ஒருத்தன் கிற்றார் அடிப்பான் பாரும், கடவுளே!" என்றுதான் சொல்வார்.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. லொறியிலிருந்து இறக்கும் ஒவ்வொரு மரப்பெட்டியையும் அடுக்குவதற்கு முன் இரண்டு தட்டுத் தட்டுவார். மார்கழியில் மொரோக்கோவிலிருந்து கிளெமன்டீன் தோடம்பழம் சின்னச் சின்ன மரப்பெட்டிகளில் வரும். அந்த மாதம் எங்கள் கடைப் பின்புறம் திருவிழாக் கொட்டகை மாதிரி இருக்கும். நல்ல சத்தம் தரும் வெறும் பெட்டிகளை ஒதுக்கி வைத்து, வீட்டுக்குக் கொண்டு போவார். வீட்டில் கதிரையை விடப் பெட்டி அதிகம். அவர் தட்டத் தொடங்கினால் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். அண்ணை குனிந்து நிலத்தைப் பார்த்து, "மனுசனுக்குத் தாளம் பிழைக்குது," என்பார்.

சந்தையின் மூலையில் உறைப்பு மிளகாயும் காய்ந்த சோளமும் விற்ற பெரு நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். எல்லாரும் அவளை சென்யோரா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானிஷ் பூசையில் பாட்டுக் கூட்டத்தை நடத்துபவள் அவள்தான். பழப்பெட்டி விஷயத்தை அண்ணைக்குச் சொன்னவளும் அவள். அவர்கள் நாட்டில் முன்பு அடிமைகளுக்கு மேளம் வைத்திருக்கத் தடையாம். அவர்கள் துறைமுகத்துப் பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, மேலே ஏறி இருந்து தட்டினார்களாம். இன்றைக்கு அதுவே வாத்தியமாகிக் கடையில் விற்கிறது. "தோடம்பழம் இல்லாமல் வெறும் பெட்டியை விக்கிறாங்கள் ஐசே," என்று அண்ணை அதிசயப்பட்டார்.

அந்தப் பூசை நடக்கிற மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்த கையோடு ஸ்பானிஷ் பூசை தொடங்கும். ஒரே வாங்குப் பலகையில் ஒரு கூட்டம் எழும்ப மற்றக் கூட்டம் இருக்கும். தமிழ் ஆட்கள் படியிறங்கும்போது அண்ணை படியேறுவார். "எங்கடை பூசை உமக்கு ருசியில்லையோ?" என்று யாராவது குத்துவார்கள். "அங்கை இருந்தால் நித்திரை வருது. இஞ்சை நிண்டால் நித்திரை போகுது," என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்.

நான் சைவக்காரன். நான் இருந்த அறையில் அந்தக் குளிர்காலம் சூடு வேலை செய்யவில்லை. கோவிலில் வேலை செய்தது. அதற்காகத்தான் முதல் தடவை அவரோடு போனேன். கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

கிற்றார் தொடங்கியது. பிறகு அண்ணையின் பெட்டி. பிறகு கைதட்டு. கைதட்டு என்றால் நாங்கள் மேடையில் பேச்சு முடிந்ததும் தட்டுவது போல் அல்ல. ஒரு பாதிப்பேர் ஒரு விதமாகத் தட்ட, மற்றப் பாதிப்பேர் இடைவெளிக்குள் புகுந்து தட்டினார்கள். ஒரு கிழவி கையில் பையோடு ஆடினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் என் கால் தானாக அசைவதைக் கண்டேன். அதுவரை என் கால் அசைந்ததெல்லாம் ஓடுவதற்குத்தான். பாட்டு ஒரு மனிதனை இப்படி வாங்கிலிருந்து தூக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் வளர்ந்த வீட்டில் பாட்டென்றால் தேவாரம், இல்லாவிட்டால் வானொலியில் யாராவது காதலில் தோற்று அழுவது.

வெளியே வந்ததும் கேட்டேன். "அந்த இரண்டாவது பாட்டு என்ன சொல்லுது அண்ணை?"

"அது சந்தோசப் பாட்டு."

"சரி, என்ன சொல்லுது?"

"ஒருத்தன் மாம்பழம் விக்கப் போறான். ஆத்தங்கரையிலை எல்லாம் வித்துப்போச்சு. வெறும் கூடையோடை ஆடிக்கொண்டு வீட்டை வாறான்."

"கோவிலிலை மாம்பழப் பாட்டோ?"

"கடவுள் மாம்பழம் தின்ன மாட்டாரோ?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அறையில் சூடு திருத்திய பிறகும் போனேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் ஒரு கருத்துச் சொன்னார். ஒன்றில் கலியாணம், ஒன்றில் மழை, ஒன்றில் ஆடு குட்டி போட்டது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில், "எல்லாம் சந்தோசப் பாட்டுத்தான்," என்பார். லத்தீன்காரர் கொடுத்துவைத்த சனம், அவர்களுக்குத் துக்கமே கிடையாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

இந்த லத்தீன்காரர் யார் என்பதும் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. சந்தையில் பெரு ஆள் இருந்தான், கொலம்பியா ஆள் இருந்தான், எல் சல்வடோர் ஆள் இருந்தான். ஆளுக்காள் சாப்பாட்டைப் பழித்தார்கள். உதைபந்தாட்டம் என்றால் ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டார்கள். ஆனாலும் எல்லாரும் லத்தீனோ. எங்கள் முதலாளி வெள்ளைக்காரர், கியூபெக்கிலேயே பிறந்தவர். அவரும் ஒருநாள், பிரெஞ்சு மொழி லத்தீனிலிருந்து வந்தது, ஆகவே தானும் லத்தீனோ என்றார். சென்யோரா அவரை ஒருமுறை ஆடிக் காட்டச் சொன்னாள். ஆடினார். "இல்லை," என்றாள்.

எனக்குள் ஓடிய கேள்வியை அவளிடம் என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். அவள் மிளகாயைக் குவித்துக்கொண்டே சொன்னாள். மலையில் பிறந்தபோது அவள் மலைக்காரி. தலைநகரத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் அவளை நாட்டுப்புறத்தாள் என்றார்கள். விமானத்தில் ஏறியபோதுதான் பெரு நாட்டுக்காரி ஆனாள். லத்தீனோ என்பதை அவள் மொன்றியலில் வந்துதான் கேள்விப்பட்டாள். "இங்கே குளிர். தனித்தனியாக நின்றால் விறைத்துப் போவோம்," என்றாள்.

எனக்கு அது விளங்கியது. யாழ்ப்பாணத்தில் நான் தீவான். கொழும்பில் யாழ்ப்பாணத்தான். ஜேர்மனியில் தமிழன். இங்கே என்னை ஸ்ரீலங்கன் என்கிறார்கள்.

"அப்படியென்றால் இவர்?" என்று அண்ணையைக் காட்டினேன். அவர் தூரத்தில் முலாம்பழத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"நிறத்தைப் பார். பெயரைப் பார்," என்றாள். மன்னார்ப் பக்கம் போர்த்துக்கேயர் விட்டுப்போன பின்பெயர் அவருக்கு. அதே பெயரில் சந்தையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் லத்தீன்காரர். "எங்கள் மொழி பேசுகிறான். எங்கள் மாதாவைக் கும்பிடுகிறான். நான்கு நாட்டுச் சிறைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். இதைவிட என்ன வேண்டும்?"

"அவர் தமிழர்."

"அது மேலதிகம்," என்றாள்.

அந்தத் துணிவில்தான் அவளிடம் மாம்பழப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அதில் மாம்பழமே கிடையாது. தூரதேசத்தில் இருக்கும் மகன், தாயின் அடக்கத்துக்குப் போக முடியாமல் கடவுளிடம் கேட்கிற பாட்டு அது. கலியாணப் பாட்டு என்றது, கப்பல் கவிழ்ந்து போனவர்களைப் பற்றியது. ஆடு குட்டி போட்ட பாட்டில் ஆடுமில்லை, குட்டியுமில்லை. ஒரு பட்டினி.

"அப்படியென்றால் ஏன் எல்லாரும் ஆடுகிறீர்கள்?"

"பின்னே இருந்து அழவா?" என்றாள்.

நான் நேரே அண்ணையிடம் போனேன். "நீங்கள் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறீங்கள்."

"என்ன பொய்?"

"மாம்பழம்."

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். "சொல் அவையின்ரை ஐசே. தாளம் என்ன சொல்லிச்சுதோ அதைத்தான் நான் உமக்குச் சொன்னன். உம்மடை கால் அசைஞ்சது பொய்யோ?"

என் கால் அசைந்தது பொய்யில்லை. ஆனால் அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்த மாதம் தமிழ் ஆள் ஒருவரின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நாங்களும் போனோம். பெண்கள் விம்மிக்கொண்டிருக்க, அண்ணை சவப்பெட்டியின் அருகே நின்று காலால் மெதுவாகத் தாளம் போட்டார். செத்தவரின் தம்பி வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"அண்ணை, இது செத்தவீடு."

"தெரியும். அதுதான்," என்றார்.

வெளியே தள்ளாத குறையாக எங்களை அனுப்பினார்கள்.

ஊரில் சமாதானக் காலம் வந்து, போரில் அடைபட்டிருந்த வன்னிக்குப் பாதை திறந்திருந்தது. அண்ணையின் மனைவி அங்கிருந்து கொழும்புக்கு வந்து கனடா விசாவுக்குக் காத்திருந்தாள். விசா கிடைத்துவிட்டது என்று ரெலிபோன் வந்த நாளில் சந்தை முழுவதும் அவரைக் கட்டிப்பிடித்தது. முதலாளி வைன் திறந்தார். அன்று பின்னேரம் லொறி வந்தது. அண்ணை பெட்டிகளை இறக்கினார். ஒன்றையும் தட்டவில்லை.

அடுத்த நாளும் தட்டவில்லை. அந்தக் கிழமை முழுவதும் தட்டவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வெறும் பெட்டிகளை மிதித்து உடைத்துக்கொண்டு நின்றபோது கேட்டேன். "அக்கா வாறது உங்களுக்குச் சந்தோசம் இல்லையோ?"

"அவளிட்டை ஒண்டு சொல்லவேணும்."

"பொம்பிளை விஷயமோ?"

"அப்பிடியெண்டால் லேசு," என்றார். பிறகு ஒரு பெட்டியின் மேல் இருந்து சொன்னார்.

அவர் புறப்பட்டபோது அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. எக்குவடோரில் மீன் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து ஒரு உறவினர் ரெலிபோனில் சொன்னார்: பிள்ளை மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டது. மருந்து வன்னிக்குள் போகாத காலம். பிள்ளை போய்ச் சில மாதங்கள் கழித்துத்தான் தகப்பனுக்குச் சேதி போனது. நாலு வயது.

"நான் அறை வாசலிலை குந்திக்கொண்டு இருந்தன். சாப்பிடேல்லை. வீட்டுக்காரி வந்து கேட்டாள். சொன்னன். ஒண்டும் பேசாமல் எழும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்தால் தெருவே வந்து நிக்குது. மேளம், கிற்றார், சாப்பாடு. அவையளுக்கு அப்பிடி ஒரு வழக்கம். சின்னப் பிள்ளை செத்தால் அழக்கூடாதாம். அது நேரே சம்மனசாய், சிறகு வைச்ச தேவதூதனாய்ப் போகுதாம். தாய் தகப்பன் அழுதால் அதின்ரை சிறகு நனைஞ்சுபோகுமாம். நனைஞ்சால் பறக்கேலாமல் பாதி வழியிலை நிண்டிடுமாம். அதாலை பாட்டும் ஆட்டமும். தகப்பன்தான் முதல் ஆடவேணுமாம்."

"ஆடினீங்களோ?"

"காலைத் தூக்கேலாமல் கிடந்தது. வீட்டுக்காரி கையைப் பிடிச்சு இழுத்தாள். பேந்து ஆடினன். பேந்து நிப்பாட்டேலாமல் கிடந்தது. ஐசே, எனக்கு அண்டைக்குச் சந்தோசமாய் இருந்தது எண்டு சொன்னால் நம்புவீரோ? பிள்ளை பறக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சது."

காலடியில் கிடந்த உடைந்த பலகையை ஒதுக்கித் தள்ளினார்.

"அவள் அங்கை மண்ணிலை தாட்டுப்போட்டு நிண்டிருக்கிறாள். நான் இஞ்சாலை தெருவிலை ஆடியிருக்கிறன். இதை எந்த வாயாலை சொல்லுறது? சொன்னால் அவள் என்னோடை இருப்பாளோ?"

"சொல்லாமல் விடுங்கோவன்."

"சொல்லாட்டி நான் ஆர் எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

அக்கா வந்தாள். மெலிந்த, சத்தமாகக் கதைக்கிற பெண். விமான நிலையத்தில் புருசனைப் பார்த்ததும், "தொப்பியை நேராய்ப் போடுங்கோ," என்றாள். அதுதான் முதல் வார்த்தை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பழப்பெட்டிகளைக் கண்டு, "இதென்ன வீடோ, களஞ்சியமோ?" என்றாள். இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் வெளியே போட்டாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே பிள்ளையின் படத்தைக் கொழுவினாள். அதன் முன்னால் இருந்து பின்னேரங்களில் அழுதாள். அவள் அழத் தொடங்கியதும் அவர் எழும்பி வெளியே போய்விடுவார்.

ஒருநாள் நான் போனபோது அண்ணை இல்லை. அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

"தம்பி, நீங்கள் அவரோடை பழகினனீங்கள். அந்த மனுசனுக்கு நெஞ்சிலை என்ன, கல்லோ? பிள்ளையின்ரை பேரைச் சொன்னால் எழும்பிப் போறார். நான் ஆரோடை கதைக்கிறது?"

நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒரு துளி கண்ணீர் கேக்கேல்லை. பக்கத்திலை இருந்தால் போதும். அண்டைக்கும் ஒருத்தரும் இல்லை. ஷெல்லடி. நானும் என்ரை தம்பியும் வழியிலை கண்ட ஒரு கிழவரும். சுவாமியார் இல்லை, மணி இல்லை, பெட்டி இல்லை. பாயிலை சுத்தித் தாட்டது. ஒரு பிள்ளையின்ரை செத்தவீட்டுக்கு மூண்டு பேர், தம்பி. அநாதைப் பிணத்துக்குக் கூட நாலு பேர் வருவினம்."

எங்கள் ஆட்களுக்கு அது பெரிய விஷயம். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முதலில் கேட்பது, சனம் வந்ததோ என்பதுதான். அவளுக்கு அது உள்ளே கிடந்து அறுத்தது. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது நான் சொல்லக்கூடிய கதை இல்லை.

பிள்ளையின் ஆண்டு நாள் வந்தது. பனி கரைந்து சேறாகிற பங்குனி. தமிழ்ப் பூசையில் பிள்ளைக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. வந்த நாலைந்து தமிழ் ஆட்கள் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனார்கள். நானும் சென்யோராவும் மிஞ்சினோம். சென்யோராவுக்குச் சொன்னது, செத்த மகளுடைய ஆண்டு நாள் என்பது மட்டும். அக்கா கசெற் ஒன்றைப் போட்டாள். இழுத்து இழுத்துப் பாடுகிற கல்லறைப் பாட்டு. அண்ணை எழும்பினார். கதவடிக்குப் போய்க் குனிந்து ஒரு காலில் பூட்ஸைப் போட்டார்.

"இண்டைக்குமோ?" என்றாள் அக்கா. "இண்டைக்கும் போகப் போறீங்களோ?"

அவர் மற்றப் பூட்ஸை எடுக்கவில்லை. நிமிரவுமில்லை. ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாகக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தகரமீன் ஆலை, ரெலிபோன், வீட்டுக்காரி, சிறகு. கடைசியில், "நான் ஆடினனான்," என்றார். "எனக்குச் சந்தோசமாயும் இருந்தது."

கசெற் பாடிக்கொண்டே இருந்தது. அக்கா எழும்பிப் போய் அதை நிறுத்தினாள். அவள் அறையப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எத்தினை பேர் வந்தவை?" என்று கேட்டாள்.

அவர் திரும்பினார். "என்ன?"

"பிள்ளைக்கு. எத்தினை பேர் வந்தவை?"

"தெரு முழுக்க."

"தெரு முழுக்க எண்டால்? ஆர் ஆர்?"

அவர் வந்து வாங்கில் இருந்தார். "வீட்டுக்காரி, ரோசா. அவளின்ரை மூண்டு பெடியள். சைக்கிள் திருத்துற ஹோசே."

"சூசை," என்று அந்தப் பெயரைத் தமிழாக்கினாள் அக்கா. "பிறகு?"

"பிலோமினா எண்டு ஒரு கிழவி. கால் ஏலாது, கதிரையோடை தூக்கிக்கொண்டு வந்தவை. ஃபக்டரியிலை என்னோடை மீன் வெட்டின பொம்பிளையள் எல்லாரும். ஐஸ் விக்கிறவன் அண்டைக்கு வண்டிலைப் பூட்டிப்போட்டு வந்தவன்."

அவள் ஒவ்வொரு பெயரையும் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "என்ன சாப்பாடு குடுத்தவை?"

"மீன் சொதி மாதிரி ஒண்டு. வாழைக்காய்."

"எல்லாருக்கும் காணுமாய் இருந்ததோ?"

"மிஞ்சினது."

"பிள்ளையை எங்கை வைச்சவை?"

"ஒரு சின்னக் கதிரை. அதிலை வெள்ளைச் சட்டை ஒண்டை இருத்தி, கடதாசிப் பூ, கடதாசிச் சிறகு. ரோசாவின்ரை பேத்தியின்ரை சட்டை. நாலு வயசு அளவு."

"அவள் மெல்லிசு," என்றாள் அக்கா. "பெரிசாய் இருந்திருக்கும்."

"இடுப்பிலை ஊசி குத்திப் பிடிச்சவை."

அக்கா தலையாட்டினாள். அது சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது போல. பிறகு கேட்டாள். "என்ன பாடினவை?"

அவர் ஸ்பானிஷில் ஒரு அடியை மெல்லச் சொன்னார். அதுவரை எங்கள் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சென்யோரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்லுது அது?" என்றாள் அக்கா.

நான் அவருடைய வாயைப் பார்த்தேன். மாம்பழம் வருமா, ஆட்டுக்குட்டி வருமா என்று.

"அம்மா, நீ அழாதை, மழைக்குள்ளாலை எனக்குப் பறக்கத் தெரியாது எண்டு சொல்லுது," என்றார்.

அக்கா முகத்தைக் கைத்தலத்தால் அழுத்தித் துடைத்தாள். இரண்டு கன்னத்தையும், அவசரமாக. பிறகு எழும்பிப் பிள்ளையின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். வெறுங்கதிரை ஒன்றைப் பழப்பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்து, அதில் படத்தைச் சாய்த்து வைத்தாள்.

"தட்டுங்கோ," என்றாள்.

அவர் பெட்டியைக் கவிழ்த்தார். கை முதலில் தடுமாறியது. பிறகு பூட்ஸ் போட்ட கால் நிலத்தில் ஊன்றித் தாளம் பிடித்தது. கை அதன் பின்னால் போனது. சென்யோரா இடைவெளிக்குள் புகுந்து கைதட்டினாள். அவளுடைய நாட்டிலும் அந்த வழக்கம் இருந்திருக்க வேண்டும். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் தட்டினேன். அக்கா தட்டவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களை வரவேற்கிற வீட்டுக்காரி மாதிரி, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து தும்புத்தடி இடித்தது. அண்ணை கையை நிறுத்தினார்.

"அது ஆர்?" என்றாள் அக்கா.

"கீழ்வீட்டுக் கிழவர்," என்றேன். "சத்தம் கூடிப்போச்சாம்."

"தனியவோ இருக்கிறார்?"

"ஓம்."

"தம்பி, ஓடிப்போய் அவரையும் மேலை வரச் சொல்லுங்கோ. சாப்பாடு கிடக்கு."

வெளிப்படியில் ஐஸ் பாதி கரைந்து வழுக்கியது. கைபிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிக் கதவைத் தட்டினேன். கிழவர் தும்புத்தடியைக் கையில் பிடித்தபடியே திறந்தார். மேலே என்ன கூத்து என்று பிரெஞ்சில் கேட்டார். என்னிடம் இருந்த பிரெஞ்சில் அதற்குச் சரியான சொல் இல்லை.

"ஒரு சின்னப் பிள்ளைக்காக," என்றேன். "நாங்கள் ஆட்கள் குறைவு."

அவர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, சப்பாத்தைத் தேடினார்.